கௌரி மடியில ரெண்டு பேக்

ஸ்கூல் வேன் ஓட்டுறவனுக்குக் கண்ணு முன்னால இருக்கணும், காது பின்னால இருக்கணும். ரெண்டும் இடம் மாறுச்சுன்னா வண்டி பள்ளத்துல.

இரத்தோட்டைப் பக்கமிருந்து மாத்தளை டவுனுக்குப் புள்ளைங்களை ஏத்திட்டுப் போற வேன் மாமா நான். உங்கள்ல யாராச்சும் இதே தொழில்ல மாட்டிக்கிட்டிருந்தா என் பாடு சொல்லாமலே புரியும். வளைவுல திரும்புற நேரம் பார்த்துத்தான் ஒண்ணு வாந்தி எடுக்கும், இன்னொண்ணு ரப்பரைக் காணோம்னு ஒப்பாரி வைக்கும். மறந்துபோன தண்ணிப் போத்தலுக்கு அம்மாக்காரி போன் மேல போன் போடுவா. கதவைத் திறந்து மூடுற ஹெல்பர் வேலைக்கு வேற ஆள் கிடைக்காம என் வீட்டுக்காரி ராணியையே உட்கார வச்சிருந்தேன். அதனால எனக்குத் திட்டு வீட்டுலயும் உண்டு, வேன்லயும் உண்டு.

ரேடியோ செத்த காலையில

ஒருநாள் ரேடியோ செத்துப்போச்சு. அது பாடுறப்போ எந்தப் பாட்டுன்னு சண்டை, பாடலைன்னா ஏன் பாடலைன்னு சண்டை. ஐயோ சாமி, தலை வெடிச்சிரும்போல இருந்துச்சு. அப்போ நடு சீட்டுல இருந்த கௌரி, ஓ லெவல், அதான் பதினோராம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற புள்ளை, "கதை சொல்றேன், கத்தாம இருப்பீங்களா?"ன்னு கேட்டா. இங்கிலீஷ் டீச்சர் வகுப்புல ஒரு பழைய நாவல் வாசிக்கிறாங்களாம். தாய் தகப்பன் இல்லாத ஒரு பொண்ணு சொந்தக்காரங்க வீட்டுல வளர்ற கதை. அந்த வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் அவளுக்குத் தட்டு. எல்லாருக்கும் கட்டில், அவளுக்குச் சமையல்கட்டு மூலை.

கௌரி சொல்லச் சொல்ல வேன்ல ஒரு சத்தம் இல்லை. என் இன்ஜின் இவ்வளவு இரைச்சல் போடும்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. டவுன் வந்து எல்லாரும் இறங்குறப்போ, ரெண்டாம் வகுப்பு ஹப்ஸா மட்டும் கதவுல நின்னுக்கிட்டுக் கேட்டா: "அப்போ அந்த அக்காவுக்கு யாரு தலை வாரி விடுவா?"

மடிக்கணக்கு

கௌரிக்கும் அப்படித்தான், வாரி விட யாரும் இல்லை. சின்னதுலயே அப்பா அம்மா ரெண்டு பேரும் போயிட்டாங்க. சித்தப்பா வீட்டுல வளர்றா. சித்தப்பா மக சஞ்சனாவும் அதே பஸ் ஹோல்ட்லதான் ஏறுவா. கௌரியை விட ரெண்டு வகுப்புக் கீழ. ஆனா அக்கான்னு ஒருநாள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தா"ன்னு பேக்கைத் தூக்கி கௌரி மடியில போட்டுட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்துக்குவா.

நம்ம ஊர் பஸ்ல நிக்கிறவங்க பேக்கை உட்கார்ந்திருக்கிறவங்க வாங்கி மடியில வச்சுக்குவாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா என் வேன்ல நிக்கிறவங்களே கிடையாதே! எல்லாருக்கும் சீட்டு இருக்கு, எல்லாருக்கும் மடியும் இருக்கு. ராணிக்குப் பொறுக்கலை. "ஏன் புள்ளை, உன் பேக்கை அவ எதுக்குச் சுமக்கணும்?"னு கேட்டுட்டா. சஞ்சனா யோசிக்கவே இல்லை. ரெண்டும் ரெண்டும் நாலுங்கிற மாதிரி பதில் வந்துச்சு: "அவ எங்க வீட்டுலதானே ஆன்ட்டி சாப்பிடுறா?"

மழையில நின்ன பொண்ணு

கதை வளர வளர என் வேகம் குறைஞ்சுபோச்சு. ஒத்துக்கிறேன். முக்கியமான கட்டத்துல லொறியை முந்துறதுக்கு எவனுக்கு மனசு வரும்? ஏலக்காய் வியாபாரம் பண்ற ஹப்ஸாவோட வாப்பா ஒருநாள் மறிச்சு, "என்ன தம்பி, மாட்டு வண்டி எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டாரு. நான் பிரேக்கு மேல பழியைப் போட்டேன்.

அன்னைக்கு ஸ்கூல் வாசலுக்கு வந்தாச்சு. கதையில அந்தப் பொண்ணை வீட்டுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டாங்க, அடை மழை. கௌரி, "மீதி நாளைக்கு"ன்னு எழும்புறா. ஒரு புள்ளையும் இறங்கலை. பின்னால நாலு வேன் ஹோர்ன் அடிக்குது, வாசல்ல நிக்கிற வாட்சர் சிங்களத்துல கத்துறாரு. கதவைத் திறந்து புள்ளைங்களை இறக்க வேண்டிய ராணி, கதவை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "அந்தப் பொண்ணை முதல்ல உள்ள விடச் சொல்லு கௌரி, பாவம், நாளைக்கு வரைக்குமா நனையும்?"

கீழ விழுந்த பேக்

அடுத்த வாரம் கதையில அந்தப் பொண்ணு முதல் தடவையா வாயைத் திறந்தா. நீங்க போட்ட சோத்தைத் தின்னேன், அதுக்காக நீங்க என்னை வாங்கிட்டதா ஆகாதுன்னு அந்த வீட்டுக்காரிகிட்ட முகத்துக்கு நேரா சொல்லிட்டா. வேன்ல கைதட்டல். நானும் ஸ்டீயரிங்கை விட்டுட்டுத் தட்டப் பார்த்தேன், ராணி முறைச்சா.

மறுநாள் காலையில சஞ்சனா வழக்கம்போல "இந்தா"ன்னு பேக்கை வீசுனா. கௌரி கையை நீட்டலை. பேக் மடியில பட்டு உருண்டு கீழ விழுந்துச்சு. சாப்பாட்டுப் பெட்டி திறந்துக்கிச்சு, ரொட்டியும் சம்பலும் வேன்ல விரிச்ச என் புது பாய் மேல. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா கண்ணாடியில கௌரி முகத்தைப் பார்த்தேன், திட்ட வாய் வரலை. அவ கண்ணு நேரா சஞ்சனாவையே பார்க்குது. சஞ்சனா அழுதுக்கிட்டே, "அம்மாகிட்ட சொல்றேன் பாரு!"ங்குறா. கௌரி மெதுவாத்தான் சொன்னா: "சொல்லு. அப்படியே உன் மடி எங்க போச்சுன்னும் கேட்டுட்டு வா."

சித்தி வந்தாங்க

சாயங்காலம் ஹோல்ட்ல கௌரியோட சித்தியே நின்னாங்க. நான் நினைச்ச மாதிரி சத்தம் போடலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. பரீட்சை வரைக்கும்தான் கௌரி வருவாளாம். கொழும்புல ஒரு வீட்டுல கைக்குழந்தையைப் பார்க்க ஆள் தேடுறாங்களாம், ரிசல்ட் வந்த பிறகு அங்க அனுப்பப்போறாங்களாம். "ரெண்டு புள்ளைக்கு வேன் காசு கட்ட எங்களால ஏலாது"ன்னாங்க. பக்கத்துல சித்தப்பா தன் செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னாரு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! அதுக்கு மேல ஏ லெவலும் படிச்சு டீச்சரா வரணும்னு ராணிகிட்ட அந்தப் புள்ளை எத்தனை தடவை சொல்லியிருக்கு. "நல்லாப் படிக்கிற புள்ளையை நிப்பாட்டுறீங்களே, இது அடுக்குமா?"ன்னு கேட்டுட்டேன். அவங்க சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டுச் சொன்னாங்க: "நீங்க வண்டியைப் பார்த்து ஓட்டுங்க அண்ணே, வீட்டை நான் பார்த்துக்கிறேன்."

சும்மா வேணாம்

பரீட்சைக்கு முன்னாடியே கௌரி கதையை முடிச்சுட்டா. அந்தப் பொண்ணு படிச்சு, டீச்சராகி, சொந்தச் சம்பாத்தியத்துல நிக்கிறப்போ ஒரு பெரிய பணக்காரன் வந்து என் மாளிகையில வந்து இருன்னு கேட்கிறான். அவ மாட்டேங்குறா. ராணிக்கு அது தாங்கலை. "கூறு கெட்டவ, மாளிகையை விட்டுட்டாளே!"ன்னு ரெண்டு நாள் புலம்புனா. கௌரி சிரிச்சுக்கிட்டே, "மாளிகை பெருசுதான் ஆன்ட்டி, அதுல அவ உட்காரன்னு ஒரு கதிரை இல்லையே"ன்னா.

ரிசல்ட் வந்துச்சு, நல்ல ரிசல்ட். எனக்கு மனசு கேட்கலை. கடைத்தெருவுல கௌரியைப் பார்த்து, "நீ காசு கட்ட வேணாம் புள்ளை, சும்மா வா"ன்னேன். பெரிய வள்ளல்னு என்னை நானே மெச்சிக்கிட்டு நிக்கிறேன், அவ தலையை ஆட்டி வேணாம்னுட்டா. ராணிக்கு முழங்கால் வலி, படியில ஏறி இறங்க முடியலைன்னு அவளுக்குத் தெரியும். "ஆன்ட்டி வேலையை எனக்குத் தாங்க. கதவைத் திறக்கிறேன், சின்னதுங்களை ரோடு கடத்தி விடுறேன். கடைசியா நானும் அதே ஸ்கூல்லதானே இறங்கப்போறேன்"னா. சும்மா வந்தா என்ன குறைஞ்சுரும்னு நான் கேட்டேன். பதில் பட்டுனு வந்துச்சு: "சும்மா வந்தா, திரும்பவும் யார் பேக்கையாவது மடியில வச்சுக்கிட்டுத்தான் உட்காரணும் மாமா."

வெறும் தேத்தண்ணி

கௌரிக்கு அந்த வேலையைக் கொடுக்கிறதைப் பத்திப் பேச நானும் ராணியும் அவ சித்தப்பா வீட்டுக்குப் போனோம். பால் இல்லாத வெறும் தேத்தண்ணி கொடுத்தாங்க. பேச வேண்டியதையெல்லாம் ரோடு பூராச் சொல்லிப் பார்த்துட்டுப் போனேன். அங்க போனதும் எல்லாம் மறந்துபோச்சு. கௌரிதான் பேசுனா. வேன் காசு இனிமே இல்லை, வீட்டு வேலையில பாதியை எப்பவும்போல நான் செய்வேன், கொழும்புக்குப் போக மாட்டேன்னு சொல்லிட்டு நின்னா.

சித்தி முகம் சிவந்துபோச்சு. "இவ வயசுல நான் கொழுந்துக் கூடையைக் கட்டிக்கிட்டுத் தேயிலை மலையில நின்னேன். எனக்கு எவன் வேன் அனுப்புனான்?"னு கத்துனாங்க. கத்துறப்பவே குரல் உடைஞ்சுருச்சு. நான் கோப்பையைக் கீழ வச்சுட்டேன், இவ்வளவு நாள் இந்தம்மாவை ராட்சசின்னுதானே நினைச்சிருந்தேன். சித்தப்பா அப்பதான் செருப்பை விட்டுட்டு நிமிர்ந்து பார்த்தாரு, "அண்ணன் புள்ளை படிக்கட்டும்"னாரு. கௌரி, சித்தி பக்கத்துல போய் அவங்க கையிலேருந்த கோப்பையை வாங்கிக்கிட்டுச் சொன்னா: "உங்களுக்கும் அனுப்பியிருக்கணும் சித்தி."

முதல் நாள்

ஏ லெவல் வகுப்பு தொடங்குன அன்னைக்குக் காலையில கௌரி கதவுல நின்னா. ஹெல்பர் வேலையில புள்ளைங்க பேக்கை வாங்கி உள்ள வைக்கிறதும் ஒண்ணு. ஹப்ஸா பேக்கை வாங்குனா, மத்ததுங்க பேக்கையும் வாங்குனா. எல்லாம் "அக்கா, அக்கா"ன்னு நீட்டுதுங்க. கடைசியா சஞ்சனா. பழக்க தோஷம், "இந்தா"ன்னு நீட்டிட்டா.

கௌரி கோவப்படலை. "பேக் வாங்குறது என் வேலை, கட்டாயம் வாங்குவேன். இந்த வேன்ல ஹெல்பரை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியும்தானே?"ன்னா. வேன் பூரா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. நானும் கியரைப் போடாம கண்ணாடியையே பார்த்துக்கிட்டிருக்கேன். பின்னாலேருந்து ஹப்ஸா, "சொல்லுங்களேன், லேட்டாகுது!"ங்குறா. சஞ்சனா ஒரு காலைப் படியில வச்சுக்கிட்டு, தரையைப் பார்த்தா, அப்புறம் கௌரியைப் பார்த்தா. ரொம்ப மெல்லமாச் சொன்னா: "அக்கா... பேக்."

ரேடியோவை ரிப்பேர் பண்ணி மாசக்கணக்காகுது, ஆனா என் சொந்த வேன்ல அதைப் போடுறதுக்கு நான் இன்னும் ஹெல்பர் அக்காகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.