அண்ணி மாட்டிய மேல் லென்ஸ்

என் அண்ணி மைக்ராஸ்கோப் மெக்கானிக். ஊரில் எந்தப் பரிசோதனைக்கூடத்தில் எது உடைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய டப்பாக்களுக்கு. உள்ளே கம்பெனிக்கு ஒன்றாக லென்ஸ்கள். அண்ணன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவான். "எதை எதோட சேர்க்கணும்னு எனக்குத் தெரியும்" என்று பீற்றிக்கொள்வாள். அந்தப் பீற்றலுக்கு நான்தான் பலி.

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் அணுக்களை எண்ணுகிறவள். ஒரு மாதமாக மைக்ராஸ்கோப்பில் தெரிகிற வட்டத்தின் ஓரத்து அணுக்களெல்லாம் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சுமாகக் கரை கட்டித் தெரிந்தன. சொன்னேன். தலைமை டாக்டர் குனிந்து பார்த்தார்.

"பளிச்சுனு இருக்கே! உங்க கண்ணுலதாம்மா கோளாறு. திங்கள்கிழமையிலேர்ந்து பதிவு கவுண்டருக்குப் போயிடுங்க."

பதினோரு வருஷம் பார்த்த வேலை! கண் நன்றாக இருக்கிறது என்று கண் டாக்டர் எழுதிக் கொடுத்தும் மனிதர் மசியவில்லை. வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன்.

"வாடி, ஒரு கை பார்த்துடலாம்" என்று மறுநாள் காலையில் அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு பரிசோதனைக்கூடத்துக்கு வந்தாள்.

கண் வைத்துப் பார்க்கிற மேல் லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வட்டத்தின் விளிம்பில் மெல்லிய ஆரஞ்சு வளையம். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"அடியே, நாசமாப் போச்சு! போன மாசம் விரிசல் விட்டதுக்குப் பதிலா நான் மாட்டினது இது. வேற கம்பெனி."

"அதனால?"

"இந்தக் கம்பெனிக்காரன் ஓரத்துல நிறம் பிரியற கோளாறை மேல் லென்ஸ்ல சரி பண்றான். உங்க மிஷின்காரன் கீழ் லென்ஸ்லயே சரி பண்ணிட்டான். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு தடவை உப்புப் போட்ட கதைதான். அளவு கச்சிதமா உட்கார்ந்துச்சேன்னு மாட்டிட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் பிழைப்பு ஆயிற்றே. "லென்ஸ் தேஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க அண்ணி. உங்க பேர் கெட்டுடும்" என்றேன்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லென்ஸை மறுபடி மாட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நடுவுல பார்க்காதீங்க. ஓரத்துல பாருங்க."

"அட, நீலமா இருக்கே!"

"அய்யய்யோ! உங்களுக்கும் கண்ணு போச்சா?"

கூடமே கொல்லென்று சிரித்தது. அண்ணி டப்பாவைத் துழாவி, மிஷினோடு சேர்ந்த கம்பெனி லென்ஸை எடுத்துப் பொருத்தினாள். டாக்டர் மறுபடி பார்த்தார். கரை துளிகூட இல்லை.

"என் தப்பு டாக்டர். அவ கண்ணு மேல பழி போடாதீங்க" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

டாக்டர் அசடு வழிந்தார். "திங்கள்கிழமை உங்க இடத்துலயே உட்காருங்கம்மா."

வேலை திரும்பக் கிடைத்தது ஒரு பக்கம் இருக்கட்டும். 'என் தப்பு' என்று அண்ணி வாயால் ஒரு தடவை கேட்க, என் அண்ணன் பதினாலு வருஷமாகக் காத்திருக்கிறான். போய்ச் சொன்னால் நம்பவா போகிறான்!