அத்தான் ஏறினால் சூடேறும் வண்டி

இது நடந்தது. என் அக்கா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது எதுவுமில்லை. பார்த்த எண்களையும் நேரத்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அக்காவின் கணவர், என் அத்தான், கார்களை மாற்றியமைக்கும் பட்டறை வைத்திருந்தார். என் பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு இரண்டு மடங்கு சக்தியுள்ள எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தார். கியர்பாக்ஸ் மட்டும் பழையது. அதனுள் ஓடும் ஆயில் நூற்றிருபது டிகிரியைத் தாண்டினால் கருகத் தொடங்கும். அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் ஆயிலைக் குளிர்விக்கத் தனியாக ஒரு கூலரை மாட்டினார். சூட்டைக் காட்ட டாஷ்போர்டில் ஒரு மீட்டர்.

கூலர் புதிதல்ல. நான்கு மாதங்களுக்கு முன் மலைப்பாதையில் எரிந்துபோன ஒரு வாடிக்கையாளரின் காரிலிருந்து கழற்றியது. அந்தக் காரின் முன்பக்கம் மட்டும் தீயிலிருந்து தப்பியிருந்தது. அந்த ஆள் தனியாக ஓட்டிப் போய், தாறுமாறாக விரட்டி, எரிந்து செத்தான் என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அவனுடைய அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னாராம். நல்ல பொருளை எதற்கு வீணாக்க வேண்டும் என்றார்.

முதல் நாள் மதியம் 2.10. கொளுத்தும் வெயில். நான் தனியாக மலை ஏறினேன். மீட்டர் 82. உச்சிவரை 82.

மறுநாள் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். சமதரையிலேயே 97. இரண்டாவது சிக்னலில் 106. தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 106... 91... 82. அவர் ஏறிக் கதவைச் சாத்தியதும் மறுபடி 97.

"உங்களைப் பார்த்தாலே வண்டிக்குக் காய்ச்சல் வருது அத்தான்," என்றேன்.

"உன் அக்காவுக்கும் அப்படித்தான் மாப்ளே," என்று சிரித்தார். ஆனால் பட்டறை வரும்வரை மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சென்சாரை மாற்றினார். ஆயிலை மாற்றினார். மீட்டரையே மாற்றினார். நான் தனியாக ஓட்டினால் 82. அவர் உட்கார்ந்தால் ஏறியது. கூலரைக் கழற்றிவிடலாம் என்றேன். ஒருமுறை மலையில் பார்த்துவிடலாம் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.14. மலையின் மூன்றாவது வளைவு. மீட்டர் 112.

நிறுத்தச் சொன்னார். ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்தேன். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மீட்டர் அணையவில்லை.

118... 124...

டக்... டக்... டக்...

உலோகம் ஆறும் சத்தம் என்று நினைத்தேன். இல்லை. யாரோ விரலை மடக்கி அத்தான் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து.

அத்தான் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. சீட் பெல்ட்டும் கழலவில்லை.

"அவன் வண்டிக்கு ஆயில் போற ஓஸ் பைப் கையில இல்லன்னு தண்ணி ஓஸைப் போட்டேன் மாப்ளே." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஒரு ரவுண்டுதானேன்னு. சூட்டு ஆயில்ல ஊறினா கழண்டுடும்னு தெரியும்... அவன் கதவை நான் திறந்திருக்கணும்."

எனக்குப் புரியவில்லை.

131. கருகிய ஆயில் நாற்றம்.

என் கதவு தானாகத் திறந்தது.

இறங்கி அவர் பக்கம் ஓடினேன். வெளிக் கைப்பிடி ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. அசையவில்லை. திரும்பி என் பக்கம் ஓடினேன். நான் இறங்கிய கதவு பூட்டிக் கிடந்தது. கல்லை எடுத்து அடித்தேன். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை.

உள்ளே புகை.

டக்... டக்...

இப்போது தட்டியது அத்தான்.

3.19. சத்தம் நின்றது.

மருத்துவமனை வராந்தாவில் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ மட்டும் எப்படிடா இறங்கின?"

பத்தாம் நாள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட என்னைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். என் வண்டியின் ஓஸ்கள் ஒன்றும் கழலவில்லையாம். கியர்பாக்ஸ் ஆயில் கருகாமல் சிவப்பாகவே இருந்ததாம். தீ எங்கே தொடங்கியது என்று அதிகாரிக்குப் பிடிபடவில்லை. அந்த வாடிக்கையாளர் காரின் பழைய கோப்பையும் எடுத்து வைத்திருந்தார். அதிலும் மூன்றாவது வளைவுதான். தனியாக ஓட்டி வந்து செத்தவர்தானே என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"செத்தவர் ஓட்டலைங்க. பக்கத்து சீட்டுல பெல்ட் போட்டபடி இருந்தார். ஓட்டுறவர் கதவு திறந்து கிடந்துச்சு. இறங்கி ஓடினவர் யாருன்னு இன்னிவரைக்கும் தெரியல."

பேனாவைக் கீழே வைத்தேன். பிறகு அத்தானின் பெயரைச் சொன்னேன்.