ஒன்பதாம் நம்பர் மருமகன்

எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கம் மொன்றியலில் உதைபந்தாட்டக் கிண்ணம் தூக்கிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு வருடமும் ஒன்பதாம் நம்பர் சட்டையைப் போட்டவன் நான். இந்த இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் விரும்பியதில்லை. சங்கத் தலைவர் அடிக்கடி விரும்பினார்.

அந்தக் கோடையில் எனக்கு முப்பத்தெட்டு வயது. படியிறங்கினால் முழங்கால் முறைப்பாடு செய்யும். இதுதான் கடைசி வருடம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். என் எட்டு வயது மகள் நான் விளையாடி ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளுக்கு ஹொக்கிதான் விளையாட்டு. உதைபந்து என்பது அப்பா ஞாயிறுகளில் வீட்டு வேலைக்குத் தப்ப வைத்திருக்கும் சாட்டு. எப்படியோ கெஞ்சி, இந்த முறை வருவதாகச் சம்மதிக்க வைத்திருந்தேன். அவள் கண் முன்னால் ஒரேயொரு கோல் போட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நானும் அப்படித்தான் கெட்டேன். துறைமுகத்துப் பக்கம் நான் வேலை செய்த வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் ஓர் இங்கிலாந்துக்காரர். மொன்றியல் பெண் ஒருத்தியைக் கட்டி இங்கே வந்தவர். அங்கே நாலாம் பிரிவில் இரண்டு சீசன் ஆடிவிட்டு, பிறகு பத்து வருடம் பகலில் சுவர் பூசி, பின்னேரங்களில் சின்னக் கழகங்களுக்குக் கைச்செலவுக் காசுக்கு விளையாடியிருக்கிறார். நின்ற இடம் இடது பின்வரிசை. பந்து வந்தால் வெளியே அடிப்பதுதான் தன் தொழில் என்றார். வாழ்நாளில் போட்டது இரண்டு கோல், அதிலும் ஒன்று சொந்தக் கோலுக்குள்.

இதையெல்லாம் அப்படியே தலைவரிடம் சொன்னேன். அவர் ‘இங்கிலாந்து’ என்ற சொல்லோடு கேட்பதை நிறுத்திவிட்டார்.

“புரொபெஷனலோ?”

“அரைவாசி, அண்ணை.”

“வெள்ளையின்ர அரைவாசி எங்கட முழுசுக்குச் சமன் தம்பி.”

ஊர்ச் சங்கங்களுக்கிடையிலான அந்தப் போட்டியில் விளையாட ஒரு விதி இருந்தது. ஆடுகிறவர் அந்தந்த ஊரவராக இருக்க வேண்டும், அல்லது ஊரில் பெண் எடுத்தவராக இருக்க வேண்டும். தலைவர் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் தன் ஒன்றுவிட்ட தங்கையை அவருக்குக் கடதாசியில் கட்டிவைத்தார். தங்கை ஜேர்மனியில் இருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. இங்கிலாந்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் மனைவிக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்றார்.

பியர்பொன்ட்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம். தோற்றால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெயர்ப் பட்டியலைப் பார்த்த எதிரணிச் செயலாளர் கையை உயர்த்தினார். பக்கத்து ஊர்க்காரர், அந்தத் தங்கைக்குத் தூரத்துச் சொந்தம். முழு வெள்ளைக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்து ஊருக்கு ஆடுவது அவருக்குப் பிரச்சினையே இல்லை.

“கலியாணம் எப்ப நடந்தது? எங்களுக்கொரு அழைப்புக் காட்கூட வரேல்லையே.”

“சின்னனாச் செய்தது. ரெஜிஸ்ரர் மட்டும்” என்றார் தலைவர்.

“சொந்தத்துக்காவது சொல்லியிருக்கலாம்.”

செயலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“உம்மட சட்டையைக் கழட்டிக் குடும் தம்பி. அவர் முன்னுக்கு நிக்கட்டும்.”

“அவர் பின்னுக்கு விளையாடுற ஆள், அண்ணை.”

“பின்னுக்கெண்டாலும் இங்கிலாந்தில பின்னுக்கு.”

கழற்றிக் கொடுத்தேன். என் மகள் மடக்குக் கதிரையில் இருந்து மீன் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது. கோபம் என்று எனக்கே சொல்லிக்கொண்டு மாற்று ஆட்டக்காரர் வாங்கில் உட்கார்ந்தேன்.

இங்கிலாந்துக்காரர் சொன்ன சொல் தவறாதவர். கோலுக்கு நேரே நிற்கும்போது பந்து வந்தாலும் பழக்கதோஷத்தில் வெளியே அடித்தார். இரண்டு முறை அது கார் நிறுத்துமிடத்துக்குப் போனது. “என்ன பவர் பாத்தியே” என்று சனம் கைதட்டியது. அதையே நான் செய்திருந்தால் கண் தெரியாதோ என்று கேட்டிருக்கும் சனம்.

ஆட்டம் முடிகிற நேரம். நாங்கள் ஒரு கோல் பின்னால். எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. இங்கிலாந்துக்காரர் நேரே வாங்குக்கு வந்து சட்டையைக் கழற்றப் பார்த்தார். தான் ஒருநாளும் பெனால்டி அடித்ததில்லை, இவன் அடிக்கட்டும் என்று என்னைக் காட்டினார். நான் எழும்பிவிட்டேன். தலைவர் என் தோளில் கை வைத்து இருத்தினார்.

“ஊர் மருமகன் நிக்க நாங்கள் அடிக்கிறதோ? முதல் மரியாதை அவருக்குத்தான்.”

மரியாதைக்குக் கட்டுப்பட்டு அவர் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலால், வேலிக்கு மேலால், யாரோ ஒருவரின் வீட்டு முற்றத்தில் விழுந்தது. அங்கே ஒரு நாய் குரைத்தது. கடைசி விசில் ஊதினார்கள்.

“இங்கத்தைப் புல்லு சரியில்லை. இங்கிலாந்துப் புல்லு வேற” என்று தலைவர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டு போனார்.

இங்கிலாந்துக்காரர் வந்து என் பக்கத்தில் இருந்தார். நனைந்த சட்டையை என் மடியில் வைத்தார். தன் பழைய கழகம் ஒருமுறை பிரேசில்காரன் என்று யாரையோ கூட்டிவந்து தன் சட்டையை அவனுக்குக் கொடுத்ததைச் சொன்னார். அவன் பந்தைக் காலால் நிறுத்தவே தெரியாதவன். தன் அப்பா மூன்று பஸ் மாறிப் பார்க்க வந்திருந்த நாள் அது என்றார்.

மகள் றோல்ஸைக் கையில் பிடித்தபடி கேட்டாள்: “அப்பா, உங்கட மட்ச் எப்ப தொடங்கும்?”

“பேந்து. கொஞ்ச நேரத்தால” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு, கதிரையை மைதானப் பக்கம் நன்றாகத் திருப்பிப் போட்டு இருந்தாள்.