எழும்பாதே என்றவர்

திருவனந்தபுரத்தில் ஒரு மகளிர் மருத்துவரின் அறைக்கு வெளியே அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, இமைக்காத கண்கள். பேசும்போது உதடு அசைந்ததாகவே தெரியவில்லை.

“இடப்பக்கம் அடிவயித்துலதானே வலி, மோளே?” என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். அங்கே யாரிடமும் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. “பொம்பளைங்களுக்கு இதெல்லாம் உள்ளதுதான்னு டாக்டர் சொல்லுவார். அப்பவும் எழும்பாதே.”

உள்ளே டாக்டர் அதே சொற்களைச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை.

“ஹார்மோன் மாத்திரை எடுத்தும் மாசம் முழுக்க வலிக்குது டாக்டர். காரணம் தெரியாம நான் போக மாட்டேன்.”

அவர் பேனாவை வைத்துவிட்டு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கே, எப்படி வலிக்கிறது என்று கேட்டார். பிறகு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதித் தந்தார்.

வெளியே வந்தபோது அந்த அம்மாளைக் காணவில்லை. நர்ஸிடம் விசாரித்தேன். அவர் பேச்சிலும் மலையாளம் கலந்திருந்தது.

“அவங்களா? எல்லா வாரமும் வந்து இங்கேயே உட்கார்ந்திருப்பாங்க. டாக்டரைக் காண மட்டும் உள்ளே போக மாட்டாங்க, கேட்டோ.”

அந்த அம்மாளுடைய வலியை முன்பு எந்த டாக்டர் கேட்காமல் விட்டாரோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.