மிளகாய் தாளித்துப் பார்த்த ஃப்ளாட்

கொச்சி மட்டாஞ்சேரியில் பாக்கியலக்ஷ்மி வத்தக்குழம்புக்குத் தாளித்தால், வெலிங்டன் தீவில் கட்டிப்போட்டிருக்கிற கப்பல் தும்மும். இப்படிச் சொல்வது அவள் புருஷன் பிச்சைமணி. அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட வேண்டும். கழித்தாலும் ஒரு படகாவது தும்மும், அது நிச்சயம்.

பாக்கியலக்ஷ்மியின் அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்தவர். பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு, ஏலக்காய் என்று நாள் முழுக்கத் தூக்கிவிட்டு வருவார். அவர் சட்டையை அலசின தண்ணீரிலேயே ரசம் வைத்துவிடலாம், அவ்வளவு மணம். மகளைச் சேர்த்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். அதனால் பஸ்ஸில் எழுதியிருப்பதை மலையாளத்தில் படிப்பாள், சண்டையைத் தமிழில் போடுவாள், மீன்காரியிடம் மட்டும் இரண்டையும் சேர்த்து இறக்குவாள். மீன்காரி அப்புறம் இரண்டு நாளைக்கு அந்தத் தெருப் பக்கம் தலைவைக்க மாட்டாள்.

பிச்சைமணிக்கு மார்க்கெட்டில் வெங்காயக் கடை. இவளுக்கு வீட்டிலேயே சமையல் வேலை. பஜார் ரோட்டுக் கோடவுனில் வேலை பார்க்கிறவர்களுக்கு மதியச் சோறு கட்டிக் கொடுப்பாள். பொழுது விடிந்ததிலிருந்து அடுப்புதான். அந்த அடுப்பு இருந்த இடத்தில்தான் வினையே.

அவர்கள் இருந்த வாடகை வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னால் ஹால், நடுவில் இருட்டு, கடைசியில் அடுக்களை. ஹாலில் பிச்சைமணி உட்கார்ந்தால் சும்மா இருக்க மாட்டார், கதை விடுவார். பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், வழி கேட்க வந்தவர் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரிப்புச் சத்தம் மட்டும் இருட்டைத் தாண்டி அடுக்களைக்கு வரும். பாக்கியலக்ஷ்மி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "என்ன? என்ன?" என்பாள்.

"ஒண்ணுமில்ல. சாயா ஆச்சா?" என்பார் பிச்சைமணி.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான். உலகத்தில் உள்ள எல்லா ஜோக்குக்கும் அவளுக்குக் கடைசி வரி மட்டும் தெரியும். "அப்ப கழுதை மேல உக்காந்திருந்தது யாரு?" என்று ஒரு தடவை காதில் விழுந்தது. மகன் விக்கி அப்போது தொட்டிலில் கிடந்தான். இன்றைக்கு அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. கழுதைமேல் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

அந்த வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடமாக மாற்றப் போகிறாராம்.

"நல்லதுதான். நம்ம கரப்பான்பூச்சியும் நாலு நாட்டு ஆளப் பாத்துக்கட்டும்" என்றார் பிச்சைமணி.

விக்கிக்கு வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. அவன் தூக்கி இறக்குகிற பெட்டிகள் சிலது அவர்கள் வீட்டைவிட விசாலம். "இனி வாடகை வேண்டாம்பா. ஒரு ஃப்ளாட் வாங்கிருவோம்" என்றான். அவன் பெண்டாட்டி மகா, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். அவளும் சரி என்றாள். அன்றைக்குப் பிடித்தது அலைச்சல்.

முதலில் பார்த்தது ஸ்டூடியோ ஃப்ளாட். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் ஒரே அறையில். பிச்சைமணி கட்டிலில் நீட்டிப் படுத்துப் பார்த்தார்.

"படுத்துக்கிட்டே தோசையத் திருப்பலாம். தூக்கத்துல புரண்டா நாமளே தோசையாயிரலாம். வேண்டாம்."

அடுத்தது டூப்ளெக்ஸ். வீட்டுக்குள்ளேயே மாடிப்படி. பாக்கியலக்ஷ்மியின் முழங்கால் அந்தப் படியைப் பார்த்ததுமே முறைத்தது. "இவரு மேல இருந்து தண்ணி கேப்பாரு. நான் ஏறிப் போறதுக்குள்ள தாகம் அடங்கி, பசி வந்துரும். கீழ வந்து சோறு கொண்டு போகணும்" என்றாள். அதுவும் வேண்டாம்.

கடைசியாகத் தோப்பும்படியில் ஒரு கட்டிடம். ஒரே மாடியில் எதிரெதிராக இரண்டு ஃப்ளாட் பாக்கி. காட்டுவதற்கு வந்த பையன் பெயர் ஆனந்தகுமார். கழுத்தில் டை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அவனும் தமிழ் வீட்டுப் பையன்தான், ஆனால் மலையாளம்தான் முதலில் வாயில் வரும்.

"சேச்சி, இது பழைய ஸ்டைல். அடுக்களை தனியா, கதவு உண்டு. பின்னாடி வொர்க் ஏரியாவும் உண்டு, மீன் கழுவ, பாத்திரம் தேய்க்க. அது நியூ ஸ்டைல், ஓப்பன் கிச்சன். சுவரே இல்லா. அடிபொளி!"

கதவுள்ள ஃப்ளாட் பிச்சைமணிக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. பாக்கியலக்ஷ்மி எதிர் ஃப்ளாட்டுக்குள் போனாள். அதை மாடல் ஃப்ளாட்டாக அலங்கரித்து வைத்திருந்தார்கள். அடுப்பு வைக்கிற மேடைக்குப் பின்னால் போய் நின்றாள். நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கிருந்து சோபா தெரிந்தது. டிவி தெரிந்தது. வாசல் தெரிந்தது. பால்கனிக்கு வெளியே காயலில் போகிற போட்டில் யார் கொட்டாவி விடுகிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது. சமைக்கிற இடத்தில் நின்றுகொண்டு மனுஷர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

"எனக்கு இதுதான் வேணும்" என்றாள்.

பிச்சைமணி குதித்தார். "ஏ பாக்கியம்! நாம வாங்குறது வீடா, மொளகா மில்லா? கதவில்லாம நீ தாளிச்சா நான் சோபாவுலயே போய்ச் சேந்துருவேன். ஏலூர்ல இருக்கற என் மச்சான் கெமிக்கல் கம்பெனில நாத்தத்தோட இருவது வருசம் வேல பாத்தவன். அவனே உன் தாளிப்புக்கு மூக்கப் பொத்திக்கிட்டு ஓடினான்!"

"காத்தோட்டமான எடங்க. ஒண்ணும் தெரியாது."

"அப்ப தாளிச்சுக் காட்டு. இங்கயே. ஹால்ல ஒருத்தரும் தும்மலன்னா இந்த வீடு. ஒரு தும்மல் விழுந்தாலும் கதவு வெச்ச வீடு. என்ன சொல்ற?"

பாக்கியலக்ஷ்மி சம்மதித்தாள். எதையும் உபயோகித்துப் பார்க்காமல் வாங்குகிற வழக்கம் அவளுக்கு இல்லை. விளக்குமாறு வாங்கப் போனால் கடையைக் கூட்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். மட்டாஞ்சேரியில் பல கடைகள் சுத்தமாக இருப்பதே அவளால்தான்.

ஆனந்தகுமாருக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யோ சேச்சி, இது மாடல் ஃப்ளாட்டாணு! இங்க சமைக்கப் பாடில்லா, கூடாது! அடுப்பே ஷோவுக்கு வெச்சதாணு!"

"கார் வாங்குறவங்க ஓட்டிப் பாக்குறாங்கல்ல தம்பி? நாங்க கொழம்பு வெச்சுப் பாக்குறோம். அடுப்பு நான் கொண்டாரேன். உனக்கும் சோறு உண்டு."

மத்தியானம் ஒரு பஃப்ஸிலேயே வாழ்க்கையை ஓட்டுகிற பையன் அவன். கொஞ்சம் யோசித்தான். "ஞாயித்துக்கிழம மேனேஜர் வர மாட்டார்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் ஒரு கல்யாணச் சீர் ஏறியது. அடுப்பு, குட்டி சிலிண்டர், இரும்புச் சட்டி, அஞ்சறைப் பெட்டி, ஒரு தூக்கில் சோறு, ஒரு கட்டு வாழை இலை. வாட்ச்மேன் வாழ்த்தலாமா, தடுக்கலாமா என்று தெரியாமல் சல்யூட் அடித்தார்.

ஆனந்தகுமார் மேடைமேல் பேப்பர் விரித்தான், எல்லா ஜன்னலையும் திறந்தான். அடுப்புக்கு மேலே பளபளவென்று ஒரு புகைபோக்கி. பாக்கியலக்ஷ்மி அதன் பொத்தானை அமுக்கினாள். சத்தமில்லை.

"அதுவும் ஷோவாணு சேச்சி."

"சரி. இந்த வீட்டுல ஷோ இல்லாத ஆளு நான் ஒருத்திதான்" என்றாள்.

பிச்சைமணி சோபாவில் கால்மேல் கால் போட்டு ஹைகோர்ட் ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்தார். விக்கி ஒரு பக்கம், மகா ஒரு பக்கம். மகா எழுந்து வந்து மெல்லக் காதில் சொன்னாள்.

"அத்தை, மொளகாயப் பாதியாக் குறைச்சிருங்க. மாமாவுக்குத் தெரியாது. நீங்க ஜெயிச்சிரலாம்."

பாக்கியலக்ஷ்மி கையிலிருந்த மிளகாயைப் பார்த்தாள். எதிரே தெரிந்த முகங்களையும் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாம்மா. இன்னிக்கு ஏமாத்திட்டா, நாளைலேர்ந்து தெனமும் பாதி மொளகா போட்டு நான் என்னத்த சமைக்கிறது? என் கொழம்பு என் கொழம்பாத்தான் இருக்கணும்."

எண்ணெய் காய்ந்தது. பிச்சைமணியால் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியுமா? ஆரம்பித்துவிட்டார்.

"நேத்து நேவிக்காரர் ஒருத்தர் கடைக்கு வந்தாரு. ஆறரை அடி. எங்கடைக்குள்ள பாதிதான் நொழஞ்சாரு, மீதி ரோட்டுல நிக்குது. எனக்கு அழ வெக்காத வெங்காயம் வேணும்னாரு..."

பாக்கியலக்ஷ்மியின் கரண்டி நின்றது. ஒரு கதையின் ஆரம்பத்தை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. கடுகு வெடித்தது. வெந்தயம் சிவந்தது. கண் கதைமேல், கை சட்டிமேல். மிளகாயைப் போட்டாள், பெருங்காயத்தைப் போட்டாள்.

புகை எழுந்தது. அதுவும் கதை கேட்க வந்த மாதிரி நேராக சோபாவுக்குப் போனது. விக்கி பால்கனிக்கு ஓடினான். மகா துப்பட்டாவுக்குள் புகுந்தாள். பிச்சைமணியின் மூக்கு சிவந்தது, கண் பிதுங்கியது. கதையை விடவும் மனசில்லை, தும்மலை விடவும் மனசில்லை. பாவம், பெண்டாட்டி ஜெயிக்கட்டும் என்று கொஞ்ச நேரம் மூக்கைப் பிடித்துப் பார்த்தார்.

அப்புறம் விழுந்தது பாருங்கள் ஒரு தும்மல்! சோபா ஒரு முழம் பின்னால் போயிற்று. காயலில் இருந்த கொக்கெல்லாம் ஆலப்புழைக்குப் பறந்தது. அந்த நேரம் பார்த்துக் கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெட்டி ஒன்று கீ கீ என்று அலறத் தொடங்கியது. புகை வந்தால் கத்துகிற பெட்டி அது. அந்தக் கட்டிடத்தில் ஷோவுக்கு வைக்காத சாமான் அது ஒன்றுதான்.

"பாத்தியா பாக்கியம்," என்றார் பிச்சைமணி இருமிக்கொண்டே, "கூரைக்கே கமறுது!"

பாக்கியலக்ஷ்மி சிரித்தாள். குக்கர் விசில் மாதிரி ஒரு சிரிப்பு. எல்லாரும் சிரிக்கிற அதே நேரத்தில் அவளும் சிரித்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர. பிச்சைமணி இருமலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

ஆனந்தகுமார் ஸ்டூல்மேல் ஏறிப் பெட்டியின் வாயை அடைத்தான். சிரிப்பும் அடங்கியது. பாக்கியலக்ஷ்மி புளித்தண்ணீரை ஊற்றி, குழம்பு கொதித்ததும் அடுப்பை அணைத்தாள்.

"தும்மியாச்சு. நான் தோத்தாச்சு. பேச்சுன்னா பேச்சு. வாங்க, அந்தக் கதவு வெச்ச வீட்டுலயே போய் சாப்பிடுவோம்." சட்டியைத் தானே எடுத்துக்கொண்டு எதிர் ஃப்ளாட்டுக்கு நடந்தாள்.

அங்கே அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், ஹாலுக்கு வாசனை வருகிறதா என்று பார்க்க. ஒரு துளி வரவில்லை. அருமையான கதவு. ஹாலில் மற்ற எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். பிச்சைமணி விட்ட இடத்தில் தொடங்கினார்.

"அழ வெக்காத வெங்காயம் கேட்டாரா? நான் சொன்னேன், சார், எல்லா வெங்காயமும் அழ வெக்காத வெங்காயந்தான். உங்க ஒய்ஃபை உரிக்கச் சொல்லுங்க, நீங்க அழவே மாட்டீங்க!"

விக்கி லேசாகச் சிரித்தான். மகா மரியாதைக்குச் சிரித்தாள். ஆனந்தகுமார் ஃப்ளாட் விற்க வேண்டுமே என்று சிரித்தான். கதவுக்குப் பின்னாலிருந்து, "என்ன? என்ன?" என்று கேட்டது.

பிச்சைமணி வாயைத் திறந்தார். "ஒண்ணுமில்ல" என்று வர வேண்டியது வரவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்து, நேவிக்காரரிலிருந்து உரிக்கிற ஒய்ஃப் வரைக்கும் மொத்தக் கதையையும் சொன்னார்.

பாக்கியலக்ஷ்மி கரண்டியோடு நின்று முழுசாகக் கேட்டாள். சிரிக்கவில்லை.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருசமா ஹால்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க?"

"ஏன், நல்லாயில்லயா?"

"உரிக்கிறவ அழுதுட்டுப் போறா, இதுல சிரிக்க என்ன இருக்கு? மறுநா அந்தம்மா கடைக்கு வந்தாங்கன்னு சொல்லுங்க. அழ வெக்காத கடைக்காரன் இருக்கானான்னு கேட்டு, வெங்காய மூட்டைய உங்க தலையில கவுத்தாங்கன்னு முடிங்க."

விக்கி சுவரில் சாய்ந்து சிரித்தான். மகாவுக்குப் புரை ஏறியது. ஆனந்தகுமார் டையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தான். அந்த மாதிரிச் சிரிப்பைப் பிச்சைமணியின் கதை ஒன்றும் வாங்கினதில்லை. அவர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தம்பி, அந்த சுவரில்லாத வீடே மதி, அதுவே போதும்" என்றார்.

"தும்மினீங்களே?" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

"தும்முறது என் மூக்கு. அத நான் பாத்துக்கறேன். இவ்வளவு நாளும் முடிவு சரியில்லாத கதைய வெச்சுக்கிட்டு ஊரச் சுத்தியிருக்கேன், நீ ஒரு வார்த்த சொன்னியா?"

"கதவத் தொறந்தாத்தானே சொல்றதுக்கு!"

ஆனந்தகுமாரின் முகத்துக்குச் சிரிப்பு திரும்பி வந்தது. "அப்போ ஒறப்பிக்கட்டா சேச்சி, புக் பண்ணிரட்டா?"

"இரு தம்பி, எனக்கு ஒரு கண்டிஷன் உண்டு." பாக்கியலக்ஷ்மி சோற்றை இலையில் தள்ளி, குழம்பை ஊற்றிப் புருஷன் முன்னால் வைத்தாள். "இனிமே வெங்காயம் இவருதான் உரிக்கணும். சோபாவுல, எனக்கு நேரா உக்காந்து. அழுறது எனக்கு நல்லாத் தெரியணும்."