அமைதியை அளந்தவர்

பேச்சியம்மாள் மேடம் காலமான செய்தியை எங்கள் கல்லூரி அலுவலக நண்பர் தொலைபேசியில் சொன்னார். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிச் சோதனை நடந்துகொண்டிருந்ததால் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. சிவகாசியில் மரணச் செய்தியும் வெடிக்கு வழிவிட்டுத்தான் வர வேண்டும்.

மேடம் இயற்பியல் பேராசிரியர் என்பதால், வெடிச் சத்தம் சட்டத்துக்குள் அடங்குகிறதா என்று அளக்கக் கம்பெனிகள் அவரை அழைக்கும். மற்ற நேரமெல்லாம் அவர் யோசித்தது உலகின் மிக மெல்லிய நடுக்கத்தைப் பற்றி. ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க வெளிநாடுகளில் கிலோமீட்டர் கணக்கில் லேசர் கதிரை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்களே, அந்தக் கருவிகளில் எல்லா இரைச்சலையும் நீக்கிய பிறகும் ஒரு முணுமுணுப்பு மிஞ்சும் என்றார். பிரபஞ்ச வெளி என்பதே அடிமட்டத்தில் மணல்போலப் பொடிப்பொடியாக இருப்பதன் அடையாளம் அது. எவ்வளவு மிஞ்சும் என்றும் கணக்கிட்டு வெளியிட்டிருந்தார். அவருடைய இளமை முழுவதும் அந்தக் கணக்கில்தான் போயிற்று.

ஒருமுறை பக்கத்து ஊரான விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனிக்குச் சத்தம் அளக்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். மேடத்தின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த முதலாளி கேட்டார்: “அந்த வெளிநாட்டு மிஷின்ல எம்புட்டு சத்தம் மேடம் கேக்கும்?”

“நான் தேடுற முணுமுணுப்பு இதுவரைக்கும் கேக்கல அண்ணாச்சி.”

“அப்ப நமுத்துப்போன வெடின்னு சொல்லுங்க.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: “எங்கனயோ ரெண்டு கருந்துளை மோதுன அலை, இப்பக்கூட உங்களையும் என்னையும் இந்த டீ கிளாஸையும் ஆட்டிட்டுப் போகலாம். அணுவோட கருவை விடச் சின்ன ஆட்டம்.”

அண்ணாச்சி கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

பிறகு அந்த லேசர் கருவிகள் மேம்பட்டன. புதிய முடிவுகள் வந்த அன்று, தமிழ்த் துறையில் என் மேசைக்குச் சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தோடு வந்தார்.

“முணுமுணுப்பு கேட்டிருச்சா மேடம்?”

“இல்ல சார். நான் சொன்ன அளவுக்குக் கீழேயும் அமைதியாத்தான் இருக்கு. என் கணக்கு தப்பு.”

கண் கலங்கியிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

“இந்தப் பிரபஞ்சத்துக்கிட்ட ஒரு கேள்வி கேட்டேன். மெனக்கெட்டு ‘இல்லை’ன்னு பதில் சொல்லியிருக்கு. எத்தனை பேருக்கு சார் பதில் வரும்? சேவு எடுங்க.”

அடுத்த வாரமே புதுக் கணக்கைத் தொடங்கினார். நோய் அதைப் பாதியில் நிறுத்திவிட்டது.

நான் நையாண்டிக் கட்டுரைகள் எழுதுகிறவன். நான் எழுதியதைத் தவறென்று காட்ட இதுவரை எந்தக் கருவியும் கண்டுபிடிக்கப்படவில்லை. அப்படியொரு ‘இல்லை’ எனக்கு வராததைப் பெருமையாக நினைத்திருந்தேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அந்தப் பெருமை போனதுதான்.