கயிறு அவர் கையில்

சென்ற ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருச்சி கே.கே. நகரில் புதிதாக ஆரம்பித்திருந்த பாறை ஏறும் பயிற்சிக் கூடத்தில் நடந்தது இது. அங்கே நிஜப் பாறை இல்லை. உயரமான சுவரில் கைக்கும் காலுக்கும் பிடிகள் பதித்திருப்பார்கள். இடுப்பில் பெல்ட் கட்டி, அதில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறவேண்டும். அந்தக் கயிற்றைக் கீழே ஒருவர் பிடித்திருப்பார்.

வெளியூருக்கு வேலைக்குப் போன மகள்தான் என்னையும் கணவரையும் அங்கே சேர்த்துவிட்டாள். நாலு பேர் பார்க்க ஏறுவதே எனக்குக் கூச்சம். அதிலும் பாதிச் சுவர் போவதற்குள் முழங்கைக்குக் கீழே கல்லாக இறுகி, விரல்கள் தானாகத் திறந்துவிடும். கையில் வலு போதவில்லை என்று நினைத்து, காட்டூர் வீட்டில் ஊஞ்சல் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு மாடிப்படி ஏறினேன்.

"வாளிய வச்சுட்டு ஒரு காபி குடுங்க மேடம்" என்று கணவர் கிண்டல் செய்வார்.

அன்றும் உச்சியைத் தொடாவிட்டால் இனி வருவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். வாளி தூக்கியது வீண்போகவில்லை. பாதிச் சுவரைச் சுலபமாகத் தாண்டினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே மறுபடி கை இறுகிவிட்டது.

கீழிருந்து அவர், "சுவத்த ஏம்மா இப்படி நெரிக்கிற? ஒரு கைய விட்டு உதறு" என்றார்.

"விட்டா விழுந்துடுவேங்க."

"கயிறு என் கையிலதான இருக்கு."

"நேத்து பால் பாத்திரமும் உங்க கையிலதான் இருந்துச்சு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பால் போனா வேற பால் வாங்கிக்கலாம்மா" என்றார்.

விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில், லேசாகத் தொட்டாலே போதுமான பிடியைக்கூட முழு பலத்தோடு இறுக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. காலில் பாரத்தைப் போட்டு, வலது கையைத் தொங்கவிட்டு உதறினேன். பிறகு இடது கை. விரல்களில் உயிர் வந்தது. மெதுவாக ஏறி உச்சியைத் தொட்டேன்.

இறங்கி வந்ததும் பார்த்தால், அவர் சட்டை முழுக்க வியர்வை, கயிற்றை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வலு கூட்டும் பயிற்சியை நான் இன்றும் விடவில்லை. ஆனால் வீட்டிலோ வெளியிலோ எதையாவது பயந்துபோய் இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தால், கீழே அவர் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.